முதல் வரிசையில் ஏழு நாற்காலிகள்

"பையா, சைடு. ப்ளீஸ், சைடு."

புது தில்லி ரயில் நிலையத்தின் பிளாட்பாரத்தில் இந்துஜா ரயிலோடு போட்டி போட்டு ஓடிக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கே வந்திருக்க வேண்டிய சென்னை வண்டி, ஜனவரி மூடுபனியின் தயவால் பிற்பகல் இரண்டு நாற்பதுக்குத்தான் மூச்சு வாங்கியபடி உள்ளே நுழைந்தது. பி-மூன்று என்று எழுதிய பெட்டி அவளைத் தாண்டிப் போயிற்று. ஒரு போர்ட்டரை இடது பக்கமாகவும் ஒரு சமோசாக் கூடையை வலது பக்கமாகவும் சுற்றிக்கொண்டு அவள் அதைத் துரத்தினாள்.

வண்டி நிற்கும் முன்பே கதவில் ஒரு குரங்குக் குல்லா தெரிந்தது. குல்லாவுக்குள் ப்ரசன்னா. அவளோடு குர்காவ் ஆபீஸில் வேலை பார்ப்பவன். லீவில் சென்னை போய்விட்டுத் திரும்புகிறான்.

"இந்தாங்கக்கா." ஒரு மஞ்சள் பையை நீட்டினான். "மேல பருப்புப் பொடி. அடியில எங்க அத்தை குடுத்த நார்த்தங்காய். நடுவுல துண்டுல சுத்தி உங்க ஹார்ட் டிஸ்க்."

"பொடி எனக்கு எதுக்குடா?"

"சென்னையிலேர்ந்து வெறும் ஹார்ட் டிஸ்க்கா கொண்டுவருவாங்க? அத்தை விடலை."

"படம் முழுசா காப்பி ஆச்சா?"

"ஆயிடுச்சு, கிட்டத்தட்ட."

கிட்டத்தட்ட என்ற சொல் அவள் காதில் விழுந்தது. மனதில் விழ நேரமில்லை. நாலு மணிக்கு ஜனக்புரியில் ஷோ. பையை மார்போடு அணைத்துக்கொண்டு மெட்ரோ பக்கம் திரும்பி ஓடினாள். நார்த்தங்காய் வாசனை அவளுக்கு முன்னால் ஓடியது.

ராஜீவ் சௌக்கில் மாறி, நீல லைன் மெட்ரோவில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. பைக்குள் கையை விட்டு டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. தில்லியில் யாரும் பார்க்காத ஒரு படம் அவள் விரல் நுனியில் இருந்தது.

யாரும் என்று சொல்லக் கூடாது. ஏழு பேர் பார்த்திருந்தார்கள்.

படத்தின் பெயர் 'சாமான் வண்டி'. எடுத்தவள் அபூர்வா என்ற பெண்; காப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி ப்ரசன்னாவிடம் படத்தைக் கொடுத்தவளும் அவள்தான். ஒரு லோடு வண்டி, மூன்று நடிகர்கள், பதினாறு நாள் ஷூட்டிங். பிரிந்துவிடுவது என்று முடிவு செய்த ஒரு கணவனும் மனைவியும் வீட்டுச் சாமான்களைப் பங்கு போட்டு இரண்டு வீட்டுக்கு அனுப்ப ஒரே வண்டியைப் பிடிக்கிறார்கள். பின்னால் பீரோவும் கட்டிலும். முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தே ஆக வேண்டும், வேறு இடமில்லை. அவ்வளவுதான் கதை.

அது வெளியான நேரம் அப்படி. இரண்டாயிரத்துப் பதினாறு நவம்பரில், ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த அதே வாரம். ஊரே பேங்க் வாசலில் நின்றது. தியேட்டர் வாசலில் நிற்க ஆளில்லை. வெள்ளிக்கிழமை வந்த படம் ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்குள் போய்விட்டது. அதன் பிறகு டிவியிலும் வரவில்லை, போனிலும் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், முந்நூற்றுப் பதினோரு பேர் மட்டும் பார்த்த ஒரு யூடியூப் பேட்டியில் அபூர்வா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தில்லியில ஞாயித்துக்கிழமை காலையில ஒரே ஒரு ஷோ. ஏழு டிக்கெட் வித்துச்சாம். அந்த ஏழு பேர் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுவேன்."

அந்த முந்நூற்றுப் பதினோரு பேரில் இரண்டு பேர் இந்துஜாவும் அவள் நண்பன் ஆல்பர்ட்டும். மறுநாளே சங்கம் தொடங்கிவிட்டார்கள். பெயர், 'ஏழு பேர்'. மாதத்தின் கடைசி ஞாயிறு, ஜனக்புரி தமிழ் மன்ற ஹாலில், எங்கேயும் ஓடாத ஒரு படம். ஸ்டார் இல்லாத, பாட்டு இல்லாத, சில சமயம் ஃபோகஸ்கூட இல்லாத படங்கள். ஆனால் அவற்றில் எங்கோ ஓர் இடத்தில் ஒரு தையல்காரர் செத்துப்போன மகனின் அளவில் சட்டை வெட்டுவார், ஹாலில் பாதிப் பேர் மப்ளரால் கண்ணைத் துடைப்பார்கள். ஒரு படத்தில் வந்த சைக்கிள் மணிச் சத்தத்துக்கு ஆல்பர்ட் குலுங்கிக் குலுங்கி அழுது, பின்னால் இருந்தவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார்.

சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம். முதல் வரிசையில் ஏழு நாற்காலிகள் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அந்த ஏழு பேர் தில்லியில்தானே இருக்கிறார்கள், ஒருநாள் வரமாட்டார்களா என்ன.

அந்தச் சட்டத்துக்கும் சங்கத்துக்கும் இன்று சேர்ந்தே ஆபத்து.

"மணி மூணு அம்பத்தாறு" என்றார் வேதாந்தம், ஹால் வாசலில். கையில் ரிஜிஸ்டர், காதில் பென்சில். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மன்றத்தின் செயலாளர். "நாலு மணி ஷோன்னா நாலு மணி."

"வந்துட்டேன் மாமா."

"நீ வந்துட்டே. நாப்பது பேர் வரணுமே. போன மாசம் பதினாலு. சிரிப்பு யோகாக்காரா அறுபது பேர் இருக்கா, ஒரு வருஷமா இந்த ஞாயித்துக்கிழமையைக் கேட்டுண்டிருக்கா. கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது? இன்னிக்கு நாப்பது தலை. ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த மாசத்துலேர்ந்து இங்க ஹா ஹா ஹோ ஹோதான்."

"இப்பவே எண்ணிக்கோங்க மாமா, நாப்பத்தொண்ணு இருக்கு."

"இப்ப எண்ணினா போண்டாவுக்கு வந்தவாளும் கணக்குல வந்துடுவா. படம் முடிஞ்சப்புறம் எண்ணுவேன். என்னைச் சேர்க்காம."

அவர் தன்னை எப்போதுமே சேர்த்துக்கொள்வதில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு படத்துக்கும் வாசலில் நின்றார், உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. ஏழு நாற்காலி வீணாகக் கிடக்கிறது என்று மாதாமாதம் முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே தன் தோள் துண்டால் அந்த ஏழையும் துடைத்து வைப்பார். கேட்டால், "மன்றத்துச் சொத்து, தூசி இருக்கப்படாது" என்பார்.

மூன்றாவது வரிசையில் அவர் மனைவி சுந்தரவல்லி ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, சால்வைக்கு மேல் இன்னொரு சால்வையோடு உட்கார்ந்திருந்தாள். போண்டா அவள் உபயம்.

"பையைத் திறந்து போட்டுண்டு நிக்கறியே" என்று இந்துஜாவை அதட்டினாள். "இந்த ஊர் அறிவேன் நான். நோட்டு செல்லாத வாரத்துல, கரோல் பாக்ல குடியிருந்தோம், இவரை பேங்க் க்யூவுல வெச்சு ஒருத்தன் பாக்கெட் அடிச்சுட்டான். ஆத்துல இருந்த மொத்த நூறு ரூபா நோட்டும் போச்சு. பால்காரன்கிட்ட முகம் காட்ட முடியலை. அந்தப் படுபாவியை இன்னிவரைக்கும் தினம் விளக்கேத்தறப்போ ஒரு தடவை திட்டிடுவேன்."

வாசலில் வேதாந்தம் இருமினார்.

ஆல்பர்ட் ப்ரொஜெக்டருக்குப் பின்னாலிருந்து கட்டை விரலை உயர்த்தினான். நாகர்கோவில்காரன். நொய்டாவில் ஒரு சானலில் எடிட்டர். படம் ஆறு துண்டுகளாக வந்திருந்தது, ஒவ்வொன்றாக ஓட விட வேண்டும். இந்துஜா இரண்டே வாக்கியம் பேசி விளக்கை அணைத்தாள்.

பத்தாவது நிமிஷம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஹால் படத்தில் மாட்டிக்கொண்டது.

திரையில் பிரஷர் குக்கர் யாருக்கு என்று சண்டை. பாத்திரம் அவளுக்கு, கேஸ்கெட் அவனுக்கு என்று முடிவாகிறது. ஹால் சிரித்தது. அடுத்த காட்சியில் வண்டி ஸ்பீட் பிரேக்கரில் ஏறுகிறது, அவன் கை பழக்கத்தில் அவள் முன்னால் தடுப்பாக நீள்கிறது, பாதியில் ஞாபகம் வந்து திரும்பிக்கொள்கிறது. சிரித்த ஹால் கப்சிப் என்று ஆயிற்று. டிரைவர் நடுநடுவே போனில் தன் பெண்டாட்டியோடு போடும் சண்டை வேறு. அந்தப் பெண்டாட்டி வெறும் குரல்தான். ஆனால் அந்தக் குரல் வரும்போதெல்லாம் சுந்தரவல்லி, "அப்படிக் கேளுடி" என்றாள்.

இந்துஜாவுக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. எழுந்து யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. நாற்பத்தொரு தலை. ஒரு போன்கூட வெளிச்சம் காட்டவில்லை.

நாலாவது துண்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஆல்பர்ட் அவள் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தான்.

"மக்கா, ஆறாவது துண்டு எங்க?"

"அதே ஃபோல்டர்லதான்."

"அதுல அஞ்சுதான் கெடக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. அவ்வளவுதான். 'கிட்டத்தட்ட' என்ற சொல் இப்போது மெதுவாக, ரயில்போலவே ஏழு மணி நேரம் லேட்டாக, மனதில் வந்து நின்றது.

வராந்தாவுக்கு ஓடிப் போனைப் போட்டாள்.

"தொண்ணூறு பர்சென்ட் ஆச்சுக்கா" என்றான் ப்ரசன்னா. "ஆட்டோ வந்துடுச்சு, அத்தை கத்தறாங்க, பிடுங்கிட்டேன். மீதி பத்துதானே."

"அந்தப் பத்துலதான்டா கிளைமாக்ஸ் இருக்கு."

"சேர்ந்துடுவாங்கக்கா. சேராம எங்க போகப்போறாங்க."

அபூர்வாவுக்குப் போட்டாள். சுவிட்ச் ஆஃப். சென்னையில் ஏதோ சீரியலுக்கு உதவி இயக்குநராக இருக்கிறாள், ஷூட்டிங்கில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். இன்னொரு தடவை போட்டாள், இன்னும் நாலு தடவை போட்டாள்.

உள்ளே வந்தபோது ஐந்தாவது துண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் ஏற்கெனவே திட்டத்தோடு இருந்தான். "ஓப்பன் எண்டிங்னு சொல்லிருவோம். பெரிய பெரிய படமே இப்பம் அப்படித்தான் முடியுது. கை தட்டுவாங்க பாரு."

"எங்க முடியுது அஞ்சாவது துண்டு?"

"டிரைவர் வண்டிக்குள்ள எதையோ பாக்கான். 'ஐயோ, இது...'ன்னு வாயைத் தொறக்கான். அவ்வளவுதான்."

"வாயைத் திறந்துண்டே படம் முடியுமா ஆல்பர்ட் அண்ணா?"

முடிந்தது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு டிரைவர் வாயைத் திறந்தான், திரை நீலமாயிற்று.

முதலில் ஒரு குரல், "கரன்ட் போச்சா?" இன்னொரு குரல், "போகலை, ஃபேன் ஓடறது." "ஜனவரியில யாருடா ஃபேன் போட்டது?" நாற்காலிகள் கிறீச்சிட்டன. விளக்கு எரிந்தது. பின் வரிசையில் நாலு பேர் எழுந்து போனார்கள், பனி இறங்கும் முன் கிளம்ப வேண்டுமாம். அவர்களைப் பார்த்து இன்னும் இருவர். கதவருகே ஒரு தம்பதி, "அச்சா, சலோ" என்று போண்டா இல்லாமலே போனார்கள்.

எட்டுத் தலை. இந்துஜா மனதுக்குள் கழித்தாள். முப்பத்து மூன்று.

அவள் முன்னால் வந்தாள். ஏழு காலி நாற்காலிகளுக்கு முன் நின்று, "ஸாரி. கடைசித் துண்டு வந்து சேரலை. எப்படி முடியும்னு எனக்கும் தெரியாது. இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது" என்றாள். படம் அனாதையாக நின்றது ஒரு பக்கம், சிரிப்பு யோகா இன்னொரு பக்கம். "நீங்க போகலாம்..."

"லைட்டை அணை, ஆல்பர்ட்."

வாசலிலிருந்து வந்த குரல். எல்லோரும் திரும்பினார்கள். வேதாந்தம் ரிஜிஸ்டரை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். இரண்டு வருஷத்தில் ஷோ நேரத்தில் முதல் தடவையாக ஹாலுக்கு நடுவே. நீலத் திரைக்கு முன் வந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார்.

"வண்டிக்குள்ள ஒரு முக்காலி இருக்கு" என்றார். "கயித்துக்குப் பின்னால. ரெண்டு பேரும் எடுத்துக்கலை. கல்யாணம் ஆன புதுசுல அவா வாங்கின முதல் சாமான் அதுதான், ஆரம்பத்துல சொன்னாளே. அதைத்தான் டிரைவர் பாக்கறான்."

கிளம்ப எழுந்த மற்றவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"டிரைவர் முதல்ல அவ வீட்டுக்குத் திரும்பிப் போறான். அவ பாத்துட்டு, 'அது அவரோடது'ங்கறா. அப்புறம் புருஷன் வீட்டுக்குப் போறான். 'அது அவளோடது'ங்கறான். திரும்ப அவ வீடு. திரும்ப அவன் வீடு. அப்புறம் ஒரு வசனம் கிடையாது. வண்டி ரிவர்ஸ் எடுக்கறப்போ ஒரு சத்தம் வருமே, அது மட்டும். கீ. கீ. கீ."

வேதாந்தம், முப்பத்தைந்து வருஷம் ஃபைலில் கையெழுத்துப் போட்ட வேதாந்தம், லோடு வண்டியாகவே மாறி இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். ஹால் வெடித்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மறுபடி, "கீ. கீ" என்றார், மெதுவாக. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

"கடைசியில வண்டி ஒரு சந்துக்குள்ள போறது. டிரைவரோட வீடு. படம் பூரா குரலாவே வந்தாளே அவன் ஆத்துக்காரி, அவளை அப்பத்தான் பாக்கறோம். சாதாரணப் பொம்மனாட்டி. கையில கரண்டி. இவன் முக்காலியை அவ முன்னால வெக்கறான். அவ அதைப் பாக்கறா, இவனைப் பாக்கறா. உக்காரலை. ரொம்ப நேரம் உக்காரலை. அப்புறம் உக்காந்து, ரெண்டு காலையும் நீட்டறா. பாதம் ரெண்டும் வெடிச்சுக் கிடக்கு. கேமரா அதையே பாக்கறது. இவனும் அதையே பாக்கறான். பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேக்கறான்."

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"'நீ சாப்ட்டியா?' அவ்வளவுதான். இருட்டு. படம் முடிஞ்சுடுத்து."

ஹீட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இருட்டில் ஆல்பர்ட் விசும்ப ஆரம்பித்தான், ஆனால் இந்த முறை யாரும் ஆம்புலன்ஸைத் தேடவில்லை, அவரவருக்கு அவரவர் வேலை இருந்தது. யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். பூட்ஸ் காலால் தரையைத் தட்டினார்கள். போனவர்களுக்கு இது கிடைக்கவில்லையே என்று இந்துஜாவுக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் போனவர்கள் எட்டுப் பேர் என்பது நினைவு வந்தது.

விளக்கு எரிந்தது. வேதாந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய வேதாந்தமாகிவிட்டிருந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, வரிசை வரிசையாக எண்ணினார். அவள் உதடும் கூடவே எண்ணியது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று.

அவர் ரிஜிஸ்டரில் எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். நாற்பது.

"மாமா, முப்பத்து மூணுதான்" என்றாள். சொன்ன பிறகு தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

"முப்பத்து மூணும் ஏழும் எத்தனை?"

"எந்த ஏழு?"

அவர் பென்சிலால் முதல் வரிசையைக் காட்டினார்.

"காலியா இருக்கே மாமா. அந்த ஏழு பேர் இன்னும் வரவே இல்லையே."

"வந்தாச்சு."

ஹால் முழுவதும் கதவைத் திரும்பிப் பார்த்தது. கதவில் யாரும் இல்லை. ஆல்பர்ட் வராந்தா வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"வேதாந்தம் மாமா" என்றாள் இந்துஜா மெதுவாக. "டிவியில வராத படம். நெட்ல இல்லாத படம். கடைசித் துண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஸ்வெட்டரை விலக்கி, சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். கூட்டின் அடியில், வெல்வெட் துணிக்குக் கீழே, மடித்த ரோஸ் நிறக் காகிதங்கள். பாதி கிழிக்கப்பட்ட தியேட்டர் டிக்கெட்டுகள். அவள் உள்ளங்கையில் வைத்தார். எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஒரு டிக்கெட்டுக்குப் படம் ஓட்ட மாட்டேன்னுட்டான் தியேட்டர்காரன்" என்றார். "குறைஞ்சது ஏழு வேணும்னான். வாசல்ல அந்த போஸ்டர். ஒரு வண்டி, ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிண்டு. என்னவோ, திரும்பி வர மனசு வரலை."

இந்துஜா அந்த ஏழையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகவும் அழுகை மறுபடி சிரிப்பாகவும் மாறியது. சிரிப்பு யோகாக்காரர்கள் பார்த்திருந்தால் தலைவியாக்கியிருப்பார்கள். ஆல்பர்ட் நிஜமாகவே அவர் காலில் விழுந்துவிட்டான். அவனைத் தாண்டிக்கொண்டு, இரண்டு சால்வையும் தரையில் புரள, சுந்தரவல்லி வந்தாள்.

"குடுடி அதை." ஒரு டிக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ரப்பர் ஸ்டாம்பைப் படித்தாள். "பதிமூணு, பதினொண்ணு, பதினாறு. ஞாயித்துக்கிழமை."

வேதாந்தம் ரிஜிஸ்டரை மூடினார்.

"அன்னிக்குத்தானே பேங்க் க்யூவுல நின்னுட்டு வரேன்னு போனேள்" என்றாள் அவள். குரலில் கோபம் இன்னும் வந்து சேரவில்லை, வழியில் இருந்தது. "மத்தியானம் கண்ணெல்லாம் சிவந்து, வெறுங்கையோட வந்தேள். செருப்பைக்கூடக் கழட்டலை. கல்யாணம் ஆன நாளா இல்லாத வழக்கமா என்னைப் பாத்து, 'நீ சாப்ட்டியா'ன்னு கேட்டேள். என்ன ஆச்சுன்னு நான் பிடிச்சு உலுக்கினப்புறம்தானே சொன்னேள், பாக்கெட் அடிச்சுட்டான்னு. ஒன்பது வருஷமா அந்தக் கடங்காரனை நான் திட்டாத நாளில்லையே."

வேதாந்தம் நடந்து போய் முதல் வரிசையில், தான் மாதாமாதம் துடைத்து வைத்த ஏழு நாற்காலிகளில் நடுவில் இருந்ததில், உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி அவளுக்குக் காட்டினார்.

"அவனைத் திட்டறதை இன்னியோட நிறுத்திடேன், சுந்தரம்" என்றார். "அவன் நான்தான்."